அக்கரையிலிருந்து ஒரு வள்ளம்

அந்த யோசனை எனக்கு வந்தது மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தபோது. பாம்பனில் எங்கள் வீட்டுக்குள் சிக்னல் ஒரு கோடுதான் வரும். தொட்டிமேல் ஏறினால் மூன்று கோடு. கல்லூரி மூடி, மதுரை விடுதியிலிருந்து பெட்டியோடு துரத்திவிடப்பட்டு, நான் அங்கே உட்கார்ந்துதான் ஆன்லைன் வகுப்பு கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்டேன் என்பது பெருமைக்குச் சொல்வது. கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஊரடங்கு போட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. பாலத்தில் ரயில் சத்தம் இல்லை. ராமேஸ்வரத்துக்குப் போகும் டூரிஸ்ட் வேன்கள் பாலத்தில் நிறுத்தி செல்ஃபி எடுக்கிற கூச்சலும் இல்லை. விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. நாட்டுப்படகுகளுக்கு மட்டும் முறை வைத்து டோக்கன் கொடுத்துக் காலையில் விட்டார்கள். அப்படிப் போன எங்கள் ஊர் வள்ளம் ஒன்றும், எதிர்ப்புறம் மண்டபத்திலிருந்து வந்த வள்ளம் ஒன்றும் வலை போட்டிருந்த இடத்தில் நெருங்கி நின்றன. அந்த வள்ளத்துக்காரர் எதையோ துணியில் சுற்றி நீட்ட, இந்த வள்ளத்துக்காரர் குனிந்து வாங்கிக்கொண்டார். வெற்றிலையாக இருக்கலாம், பீடிக்கட்டாக இருக்கலாம். நாலு விநாடிகூட ஆகவில்லை.

பாலத்தின் இரண்டு முனையிலும் தடுப்பு போட்டு நிற்கிறார்கள், ஈ காக்காய் போக முடியவில்லை. இங்கே தண்ணீரில் ஒருவர் நீட்டுகிறார், ஒருவர் வாங்குகிறார். நான் தொட்டியிலிருந்து குதித்தேன். வகுப்பில் ஆசிரியர் என் வருகை எண்ணைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அக்காவுக்கு மாத்திரை வர வழி கிடைத்துவிட்டது.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். என்னைவிட நாலு வயது மூத்தவள். ஊரிலேயே ஒரு சின்ன நர்சரிப் பள்ளியில் டீச்சர். பதினேழு வயதில் அவளுக்கு முதல் தடவை வலிப்பு வந்தது. ராமநாதபுரத்து டாக்டர் காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று மாத்திரை எழுதினார். ஒருவேளைகூடத் தவறக் கூடாது, திடீரென்று நிறுத்தினால் முன்னைவிட மோசமாக வரலாம் என்று சொல்லி அனுப்பினார். அவள் தவறவிட்டதில்லை. மூன்று வருஷமாக ஒன்றும் வரவில்லை.

இது எங்கள் வீட்டில் நாலு பேருக்கும், மண்டபத்தில் அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணனுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். மண்டபத்து மாமா என்று கூப்பிடுவோம். மற்றபடி யாருக்கும் தெரியாது. தெரிந்தால் கல்யாணம் ஆகாது, பள்ளியிலிருந்தும் அனுப்பிவிடுவார்கள் என்று அம்மா முடிவு கட்டியிருந்தாள். அதனால் பாம்பனில் எந்த மருந்துக்கடையிலும் அந்த மாத்திரையை நாங்கள் கேட்டதே இல்லை. கடைக்காரர் வாயிலிருந்து ஊர் வாய்க்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? மாதம் ஒருமுறை அய்யா, எங்கள் அப்பா, பஸ் ஏறி ராமநாதபுரம் போய், மீன் விஷயமாகப் போனதாகச் சொல்லிவிட்டு வாங்கி வருவார். நாங்கள் கேட்காததால் கடைக்காரர்களும் அதை வாங்கி வைக்கவில்லை. பாலம் மூடியபோதுதான் இது உறைத்தது. தங்கச்சிமடம், ராமேஸ்வரம் எங்கும் ரகசியமாக விசாரித்தோம். தீவிலேயே இல்லை.

அதற்கு முன்பே ஒரு முயற்சி தோற்றிருந்தது. அய்யா டாக்டர் சீட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு பாலத்துக்குப் போனார். என்ன விஷயமாகப் போகிறீர்கள் என்று காவலர் கேட்டிருக்கிறார். பக்கத்தில் எங்கள் தெருக்காரர் இரண்டு பேர் நின்றிருக்கிறார்கள். அய்யாவுக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை. மகளுக்கு வயிற்று வலி என்றிருக்கிறார். வயிற்று வலிக்கு இங்கேயே ஆஸ்பத்திரி இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சீட்டு பையை விட்டு வெளியே வரவே இல்லை. ஈ-பாஸுக்கு நான் மூன்று முறை போட்டேன். காரணம் என்ற கட்டத்தில் அம்மா சொன்னபடி ‘குடும்ப அவசரம்’ என்று எழுதினேன். மூன்று முறையும் நிராகரிப்பு.

தொட்டியிலிருந்து குதித்து ஓடிய அன்று அக்காவின் மாத்திரை டப்பாவைத் திறந்து எண்ணினேன். ஆறு இருந்தன. என் கணக்குப்படி நாலுதான் இருக்க வேண்டும். அக்கா பக்கத்தில் நின்று நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வேளை விழுங்காமல் விட்டிருந்தாள்.

“கொஞ்ச நாளைக்கு வருமில்ல” என்றாள்.

“நீயே டாக்டராயிட்டியா?”

“கத்தாத. அம்மாவுக்குக் கேக்கும்.”

அம்மாவுக்குக் கேட்டுவிட்டது. அன்றிலிருந்து அவள் எதிரில் நின்று, அக்கா வாயைத் திறந்து காட்டினால்தான் நகர்வாள். அந்த ஆறு மாத்திரை மூன்று நாளுக்குத்தான் வரும்.

என் திட்டத்தை அன்று மதியமே விரித்தேன். மண்டபத்து மாமாவின் மீன் தினமும் வேனில் ராமநாதபுரம் போகிறது. மீன் வேனுக்கு அனுமதி உண்டு. சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினால் டிரைவர் வாங்கி வந்துவிடுவார். மாமா கடலுக்கு வரும்போது கொண்டு வந்து அய்யாவிடம் நீட்ட வேண்டியதுதான். அய்யா கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். அவருடைய டோக்கன் முறை வர இன்னும் நாலு நாள் இருந்தது. வேறு யாராவது வாங்கிக் கொடுக்கட்டுமே என்றேன். அம்மா ஒரே வெட்டில் வெட்டினாள். எவன் வாங்கினாலும் பிரித்துப் பார்ப்பான், கரை ஏறுவதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும்.

அப்படியானால் மாமாவே நேரே எங்கள் தெற்குவாடிக் கரைக்கு வரட்டும். மாமா ஒரே வார்த்தையில் சரி என்றார். ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. வெளியூர் வள்ளம் எதையும் அணையவிடுவதில்லை என்று ஊர்க் கமிட்டி முடிவு செய்து, கரையில் முறை போட்டு இளவட்டங்களை நிறுத்தியிருந்தது. மாமாவின் வள்ளத்தைப் பார்த்தால் கல்லெடுத்துவிடுவார்கள். அவர்களுக்கு முன்கூட்டிச் சொல்ல வேண்டும். ஆனால் யாருக்கு, எதற்கு என்று சொல்லக் கூடாது.

அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அந்த வருஷங்களில் எதைப் பார்த்தாலும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் நாள் சாயங்காலம் வேன் டிரைவர் மாத்திரையை வாங்கிவிட்டார் என்று மாமா போன் செய்தார். நான் தொட்டிமேல் ஏறி, கரையில் காவல் நிற்கிறவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் வாய்ஸ் மெசேஜ் ஒன்று பேசினேன். மூன்று முறை பேசி அழித்து, நாலாவதை அனுப்பினேன். பத்தொன்பது விநாடி. அது எனக்கு இன்றைக்கும் மனப்பாடம்.

“அண்ணன்மாரே, நாளைக்குக் காலைல அக்கரையிலருந்து ஒரு வள்ளம் வரும். தெற்குவாடிப் பக்கமா அணையும். மாத்திரை கொண்டு வாராங்க. நம்ம ஆளுக யாரும் தடுக்க வேணாம். வெளிய யார்ட்டயும் சொல்லவும் வேணாம்.”

சுருக்கமாக, தெளிவாக, யார் பேரும் வராமல் பேசியிருக்கிறேன் என்று எனக்குத் திருப்தி. கட்டைவிரல் படங்கள் இரண்டு வந்தன. இறங்கிவந்து சாப்பிட்டேன்.

இனி அந்தச் சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாலத்துக்கு அடியில் ஓடும் கடல் கால்வாய் ஓரத்தில் வீடு வைத்திருக்கிற எங்களுக்கு அக்கரை என்றால் மண்டபம். கண்ணுக்கு எதிரே இருக்கிற கரை அதுதானே. அம்மா சின்ன வயதிலிருந்து ‘அக்கரைக்குப் போயிட்டு வாரேன்’ என்று சொல்லித்தான் அண்ணன் வீட்டுக்குக் கிளம்புவாள். தீவின் கிழக்கே போகப் போகச் சொல் மாறிவிடுகிறது. ராமேஸ்வரத்தில், தனுஷ்கோடிப் பக்கம், ஏன், இந்தப் பக்கம் மண்டபம் அகதி முகாமில்கூட அக்கரை என்றால் ஒன்றுதான். இலங்கை. இது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்த விஷயம் வேண்டிய நேரத்தில் நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

அக்கரை, வள்ளம், மாத்திரை, யாரிடமும் சொல்லாதே. எங்கள் கடற்கரையில் இந்த நாலையும் ஒரே மூச்சில் சொன்னால் என்ன அர்த்தம் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லும். மாத்திரை அட்டைகள் மூட்டை மூட்டையாகக் கடலில் பிடிபட்ட செய்தி வருஷத்துக்கு நாலு வரும்.

மறுநாள் காலை ஆறரைக்கு அய்யாவும் நானும் கரைக்குப் போனோம். அக்கா காலை மாத்திரையை விழுங்கிக் காட்டிவிட்டு வீட்டில் இருந்தாள். டப்பாவில் இரண்டு மிச்சம். கரையில் வழக்கத்தைவிடக் கூட்டமாக இருந்தது. முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு அங்கங்கே நின்று எல்லோரும் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்களைத் தவிர வேறு யார் எதற்குக் காத்திருக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. அப்போது அம்மாவிடமிருந்து போன். துபாயிலிருக்கிற சித்தப்பா அவளுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கிறார். கூடவே, “மதினி, நம்மூருல கடத்தல்காரிக கெளம்பிட்டாளுக போல. குரலு நம்ம சின்னவ மாதிரியே இருக்கே” என்று எழுதியிருக்கிறார்.

என் பத்தொன்பது விநாடி ராத்திரியோடு ராத்திரியாகத் தங்கச்சிமடம் போய், ராமேஸ்வரம் போய், கடல் தாண்டித் துபாய் போய், வீட்டுக்கே திரும்பி வந்திருந்தது.

மாமாவுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். அதற்குள் பக்கத்திலிருந்தவர் “அந்தா வாரான் பாரு” என்றார். மாமாவின் பச்சை வள்ளம். பாலத்தின் நிழலைத் தாண்டி எங்கள் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. அதே நேரம் கிழக்கேயிருந்து போலீஸ் ரோந்துப் படகு வந்தது. எனக்குக் கையை ஆட்டி வர வேண்டாம் என்று சொல்லத் தோன்றியது. ஆட்டினால் சைகை காட்டினாள் என்று ஆகும். அய்யா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். வள்ளம் ஒரு கணம் தயங்கியது. அதன் பக்கவாட்டில் வெள்ளையாக ஏதோ ஒன்று தண்ணீரில் விழுந்தது. வள்ளம் வட்டம் போட்டுத் திரும்பி மண்டபத்தை நோக்கிப் போனது. ரோந்துப் படகு பின்னாலேயே.

சிறிது நேரம் கழித்து மாமா கூப்பிட்டார். வள்ளத்தைச் சோதித்து ஒன்றும் இல்லை என்று எச்சரித்து விட்டுவிட்டார்களாம். மாத்திரை எங்கே என்றேன்.

“கடல்ல போட்டுட்டேன், தாயி. பாதி வழியில வரும்போது ஒருத்தன் உன் குரல அனுப்புறான், கேட்டுப்பாருன்னு. கேட்டேன். கேட்டப்பெறகு என் கையில இருந்தது எனக்கே கடத்தல் மாத்திரையாத் தெரிஞ்சுச்சு. அந்தப் படகப் பார்த்ததும் கை தானாப் போட்டுருச்சு.”

அவர்மேல் கோபப்பட எனக்கு நேரம் இல்லை. ஜீப் வந்து நின்றிருந்தது. சப்-இன்ஸ்பெக்டர் இறங்கினார், முகக்கவசத்துக்கு மேலே கண்கள் தூக்கமில்லாமல் சிவந்திருந்தன. கையில் போன். என் குரலை முழுச் சத்தத்தில் ஓடவிட்டார். சொந்தக் குரலை அப்படிக் கேட்டு நான் அதுவரை வெட்கப்பட்டதில்லை. உற்சாகமான குரல். பிறந்தநாள் விழாவுக்குக் கூப்பிடுகிற மாதிரி.

யார் பேசியது என்று கேட்டார். நான்தான் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். வேறு யாரையோ எதிர்பார்த்து வந்திருப்பார் போல.

“அக்கரைன்னா எது?”

“மண்டபம், சார்.”

கூட்டத்தில் சிரிப்பு. கிழக்கே ராமேஸ்வரத்திலிருந்து வந்து எங்கள் ஊரில் பெண் கட்டிய ஒருவர், “மண்டபம் எப்பலேருந்து அக்கரையாச்சு? நடந்து போற தூரம்” என்றார். தெற்குவாடிக்காரப் பெண் ஒருத்தி அவர்மேல் பாய்ந்தாள். “எங்களுக்கு அதான் அக்கரை. நீரு வந்து குடியேறுன ஆளு, உமக்கென்ன தெரியும்?” இரண்டு பக்கமும் சேர ஆரம்பித்து, எது அக்கரை என்று கரையிலேயே ஒரு வழக்கு எழுந்தது. சப்-இன்ஸ்பெக்டர் கையை உயர்த்தியதும் அடங்கியது. அவர் அடுத்த கேள்விக்குப் போனார்.

என்ன மாத்திரை? யாருக்கு?

அதற்குள் அம்மா ஓடிவந்து என் பின்னால் நின்றிருந்தாள். அவள் விரல்கள் என் முதுகில் சட்டையைப் பிடித்து இழுத்தன. சொல்லாதே. சொல்லாவிட்டால் என்னை ஜீப்பில் ஏற்றுவார்கள், மாமாவையும் அழைப்பார்கள். சொன்னால் அக்காவின் எட்டு வருஷ ரகசியம் இந்த மணலில், இத்தனை பேர் முன்னால் போய்விடும். அது என்னுடையதாக இருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன்.

அய்யா முந்திக்கொண்டார். “வயித்து வலி மாத்திரைங்க.”

“வயித்து வலி மாத்திரைய எதுக்குய்யா கடல்ல போடணும்?”

பெண் காவலர் ஒருவரை அனுப்பச் சொல்லி சப்-இன்ஸ்பெக்டர் வயர்லெஸ்ஸில் பேசினார். கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. நேற்று எனக்குக் கட்டைவிரல் காட்டிய அண்ணன்மார் இருவரும் என்னைப் பார்க்காமல் நின்றார்கள்.

அக்கா வந்ததை நான் பார்க்கவில்லை. கூட்டம் விலகியபோதுதான் தெரிந்தது. வீட்டு நைட்டியின் மேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு, கையில் மாத்திரை டப்பாவோடு வந்தாள். பள்ளியில் குழந்தைகளை வரிசையில் நிறுத்துகிற அதே குரலில் பேசினாள், கத்தவில்லை.

“மாத்திரை எனக்குங்க சார். எனக்கு வலிப்பு நோய் இருக்கு. எட்டு வருஷமா மாத்திரை சாப்பிடுறேன். சீட்டு எங்க அய்யா பையில இருக்கு, வாங்கிப் பாருங்க.”

அம்மாவின் விரல்கள் என் முதுகை விட்டன. முன்வரிசையில் நின்ற சிலர் ஓரடி பின்வாங்கினார்கள். கொரோனாவுக்குக்கூட அவர்கள் அப்படி விலகி நிற்கவில்லை. அக்கா அதைப் பார்த்தாள், பார்த்தது எனக்குத் தெரியும். ஆனால் முகம் மாறவில்லை.

அய்யா சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்தார். பாலத்தில் வெளியே வராத அதே சீட்டு, மடிப்பில் கிழிய ஆரம்பித்திருந்தது. சப்-இன்ஸ்பெக்டர் அதைக் கையில் வாங்காமல் பிடிக்கச் சொல்லிப் படித்தார். எத்தனை மாத்திரை மிச்சம் என்று கேட்டார். அக்கா டப்பாவைத் திறந்து காட்டினாள். இரண்டு. அவர் அய்யாவிடம், இதைப் பாலத்தில் சொல்லியிருந்தால் என்ன என்று கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“படிச்ச புள்ளதான நீ? மண்டபம்னு ஒரு வார்த்த சொல்லத் தெரியாதா?”

கடல் வழியாக இனி எதுவும் வரக் கூடாது என்றார். மாமா கொஞ்ச நாள் வள்ளத்தை எடுக்கக் கூடாது. நாளைக் காலை ஏழு மணிக்குச் செக்போஸ்ட்டுக்கு வாருங்கள், மேலே கேட்டுப் பார்க்கிறேன் என்றார். அனுமதி தருகிறேன் என்று சொல்லவில்லை. கேட்டுப் பார்க்கிறேன், அவ்வளவுதான். ஜீப் போய்விட்டது.

வீட்டில் மதியம் வரை அம்மா அடுப்பைப் பற்றவைக்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன், ஒரு வாக்கியம் முடிவதற்குள் அக்கா கையை நீட்டி போனைக் கேட்டாள். கொடுத்தேன். தொட்டிமேல் ஏறினால்தான் போகும் என்றேன். ஏறினாள். ஏறக் கூடாது என்று இத்தனை வருஷம் அவளைத் தடுத்துவைத்திருந்த இடம் அது. நான் கீழே நின்று இரண்டு கையையும் விரித்துக்கொண்டிருந்தேன்.

அதே குரூப்பில் அவள் ஒரே தடவையில் பேசினாள். தன் பெயரைச் சொன்னாள். நேற்று வந்த குரல் என் தங்கச்சியுடையது, மாத்திரை எனக்கு, எனக்கு வலிப்பு நோய் என்றாள். “மண்டபத்திலருந்து, திரும்பச் சொல்றேன், மண்டபத்திலருந்து” என்று இரண்டு முறை அழுத்தினாள். தீவில் கிடைக்காத மாத்திரை வேறு யாருக்காவது தேவைப்பட்டால் சீட்டைப் போட்டோ எடுத்துத் தனக்குத் தனியாக அனுப்பச் சொன்னாள். யார் பேரும் வெளியே போகாது என்றாள்.

அரைமணி நேரம் ஒன்றும் வரவில்லை. நான் ஊரைத் திட்டிக்கொண்டிருந்தேன். பிறகு ஒன்று வந்தது. தங்கச்சிமடத்திலிருந்து ஒரு பெண், மகனுக்கு மனநல மாத்திரை, பத்து நாளாக இல்லை. அடுத்தது எங்கள் தெருவிலிருந்தே. காலையில் கரையில் ஓரடி பின்னால் போனவர்களில் ஒருவர், பேத்திக்கு, அக்கா சாப்பிடுகிற அதே மாத்திரை. இரண்டு வீடு தள்ளி இருக்கிறார்கள். அவர்களும் மாதம் ஒருமுறை மீன் விஷயமாக ராமநாதபுரம் போய்வந்துகொண்டிருந்தார்கள்.

சாயங்காலத்துக்குள் எங்களையும் சேர்த்து ஏழு சீட்டு. ஏழையும் மண்டபத்து மாமாவுக்கு அனுப்பினேன். வேன் டிரைவர் ராமநாதபுரத்தில்தான் இருந்தார், வாங்கிவிடுவதாகச் சொன்னார். மாமாவால் வள்ளத்தில் வர முடியாது, நடக்க முடியும். எங்களுக்குப் பாஸ் வேண்டாம், ராமநாதபுரம் வேண்டாம். பாலம் இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. அந்த முனையிலிருந்து அவர் பையோடு நடுப்பாலம் வரை வரட்டும், இந்த முனையிலிருந்து ஒருவர் போய் வாங்கிக்கொண்டு திரும்பட்டும். போலீஸ்காரர்கள் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கட்டும். இதைத்தான் காலையில் கேட்பது என்று முடிவு செய்தோம். மறுத்தால் என்ன செய்வது என்று அய்யா கேட்டார்.

நான் பேசுகிறேன் என்று எழுந்தேன். அக்கா என் தோளை அழுத்தி உட்காரவைத்தாள்.

“நீ கூட வா, போதும். நான் பேசிக்கிறேன்.”

அம்மா முதல் தடவையாக வாய் திறந்தாள். ஆறரைக்கே கிளம்பிவிடுங்கள், வெயில் ஏறினால் பாலத்தில் நிற்க முடியாது என்றாள். ஏழு பேருடைய மாத்திரைப் பெயர்களையும் நான் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி அக்காவிடம் கொடுத்தேன். டப்பாவில் ராத்திரிக்கு ஒன்று, காலைக்கு ஒன்று.